படித்ததையே படிப்பது ஏன்? சிரிக்க வைக்கும் காட்டேரி நாவலை முன்னிட்டு ஒரு விசாரணை

முடிவு தெரிந்த கதையை, அதுவும் எந்தப் பக்கத்தில் எவன் என்ன சொல்லப் போகிறான் என்பதுவரை மனப்பாடமாகிவிட்ட ஒரு கதையை, புதுப் புத்தகங்கள் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்கும்போதே மறுபடியும் எடுத்துப் படிக்கும் மனிதன் அதிலிருந்து என்ன பெறுகிறான் என்னும் கேள்வி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பல வேஷங்களில் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கதை ஒரு காவியமாகவோ வேதாந்த கிரந்தமாகவோ இருந்தால் விடை கூறுவது சுலபம். மறுபடி படிப்பவரை உலகம் மெச்சவும் செய்யும். ஆனால் அது பிணத்தையும் ரத்தத்தையும் வைத்துக்கொண்டு ஹாஸ்யம் பண்ணுகிற ஒரு காட்டேரி நாவலாக இருந்து, ஜுரத்திலோ வேலைப்பளுவிலோ துக்கத்திலோ சோர்ந்து போன நாட்களில் ஆறுதலுக்கென்றே ஒருவர் அதைத் தேடி எடுப்பாரானால், வழக்கமான விடைகள் பல தடுமாறுகின்றன. அவ்விடைகளை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்க்க ஒரு நூலைக் கைப்பிடியாகக் கொள்வது நலம். அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டோபர் மூர் 1995இல் வெளியிட்ட 'பிளட்சக்கிங் ஃபீண்ட்ஸ்' என்னும் நாவல் அதற்கு ஏற்றது. சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் இரவுத் தெருக்களில் நடக்கும் கதை அது. பிற்காலத்தில் 'அர்பன் ஃபேன்டஸி' என்று பெயர் பெற்ற வகையைச் சார்ந்தது.

ஜீரணமும் பாராயணமும்

மிகப் பழைய விடை ஆகாரத்தை உவமையாகக் கொண்டது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியத் தத்துவஞானி செனெக்கா, லூசிலியஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதங்களுள் இரண்டாவதில், நூலுக்கு நூல் தாவுகிறவனை, தங்கும் சத்திரங்கள் பல இருந்தும் சிநேகிதன் ஒருவனும் வாய்க்காத யாத்திரிகனுக்கு ஒப்பிட்டு, உள்ளே போன வேகத்தில் வெளியேறும் உணவு உடம்பில் ஒட்டாது என்றும், புதியதை நாடிப் போனாலும் பழகிய ஆசிரியரிடமே திரும்பி வரவேண்டும் என்றும் புத்தி கூறுகிறார். நம் பவணந்தி முனிவரோ, மாணாக்கன் பாடம் கேட்கும் முறையை நன்னூலில் விதிக்குமிடத்து, இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கலாகும் என்று ஒரு கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார். வள்ளுவர் நட்பின் இன்பத்தை விளக்கப் புகுந்து, படிக்குந்தோறும் வளரும் நூல்நயத்தை உவமையாக எடுத்துக்கொள்கிறார். உவமை என்பது கேட்போர்க்கு முன்பே தெரிந்த பொருளாக இருத்தல் வேண்டும் என்பதை நினைத்தால், மறுவாசிப்பின் இன்பம் அக்காலத்தில் வாதத்துக்கு உரியதாகவே கருதப்படவில்லை என்று ஊகிக்கலாம்.

ஆறுதலை நேராகக் கருதிய சம்பிரதாயமும் உண்டு. எகிப்திய மன்னன் ஒருவனின் நூலகத்து வாயிலில் அதனை ஆன்மாவின் வைத்தியசாலை என்று பொறித்திருந்ததாக, கி.மு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். நம் வீடுகளில் நோயோ வழக்கோ பிரிவோ நேர்ந்த காலத்தில் சுந்தரகாண்டம் பாராயணம் செய்வோர், அனுமன் சீதையைக் கண்டுவிடுவான் என்பது தெரியாமலா செய்கிறார்கள்? தெரிந்திருப்பதே அங்கே பலன்.

இவ்விடைகளின் பலவீனம் வெளிப்படையானது. ஜீரணம் என்னும் உவமை, உள்ளே சத்து இருக்கிறது என்பதை முன்னதாகவே ஒப்புக்கொள்கிறது. பாராயணம் நூலின் புனிதத்தில் காலூன்றி நிற்கிறது. உறைந்த வான்கோழிகளைத் தரையில் உருட்டி விளையாடும் மளிகைக் கடைச் சிப்பந்திகளைப் பற்றிய மூரின் நாவலுக்கு இவ்விரண்டில் எதையும் பொருத்திக் காட்டுவது கடினம்.

மனோதத்துவ நிபுணரின் ஆட்சேபணை

சிக்மண்ட் பிராய்டு 1920இல் வெளியிட்ட 'இன்பக் கோட்பாட்டுக்கு அப்பால்' என்னும் நூலில் மறுவாசிப்புக்கு மிகக் கடுமையான எதிர்ப்பு இருக்கிறது. இரண்டாம் முறை கேட்கும் வேடிக்கைப் பேச்சு ஏறக்குறைய பயனற்றது. நாடகம் முதல்நாள் செய்த வேலையை மறுநாள் செய்வதில்லை. ஒரு புத்தகத்தை வெகுவாக அனுபவித்த பெரியவனை உடனே மறுபடி அதைப் படிக்கச் செய்வது அரிது. புதுமையே இன்பத்தின் நிபந்தனை என்பது அவர் கட்சி. குழந்தை மட்டும் இதற்கு விலக்கு. அது கேட்ட கதையையே கேட்கும். சொல்பவர் ஒரு சொல்லை மாற்றினாலும் திருத்தும். ஆக, மறுபடி படிக்கும் பெரியவர் ஒன்று குழந்தைப் பருவத்தில் ஒரு காலை விட்டு வந்தவர், அல்லது பழைய துன்பத்தையே சுற்றிச் சுற்றி வரும் நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் என்று முடியும்.

பிராய்டின் வாதத்தில் ஒரு சொல் பலரால் கவனிக்கப்படாமல் போகிறது: 'உடனே'. பத்து மாதமோ பத்து வருஷமோ கழித்துப் படிப்பதைப் பற்றி அவர் அங்கே எதுவும் சொல்லவில்லை. மேலும், வேடிக்கைப் பேச்சு வேறு, ஹாஸ்யச் சுவை வேறு. பேச்சின் முடிச்சு அவிழ்ந்ததும் சிரிப்பு செலவாகிவிடும். ஒரு பாத்திரத்தின் சுபாவத்திலிருந்து பிறக்கும் ஹாஸ்யம் அப்படிச் செலவாவதாகத் தெரியவில்லை. பழகிய நண்பன் ஒருவன் எதற்கு என்ன சொல்வான் என்று தெரிந்திருந்தும், அவன் அதைச் சொல்லும்போது நாம் சிரிக்கத்தானே செய்கிறோம்? பிள்ளைகள் விடாது சுமந்து திரியும் கந்தல் பொம்மையையும் போர்வைத் துண்டையும் பற்றி ஆங்கில மருத்துவர் டொனால்டு வினிகாட் 1950களில் கூறிய கருத்து இன்னும் பரிவுடையது: அந்தப் பொருள் முழுக்க வெளியுலகத்தைச் சேர்ந்ததுமன்று, முழுக்க மனத்துக்குள் இருப்பதுமன்று, இரண்டுக்கும் நடுவே ஓர் இளைப்பாறும் இடம். இக்கருத்தைப் புத்தகத்துக்கு நீட்டுவோர் உளர். பொருத்தம் இனிமையாயிருக்கிறது, ஆனால் எந்தப் புத்தகம் என்ற கேள்விக்கு அது வாய் திறப்பதில்லை. போர்வைக்குக் கதை கிடையாது.

ரசிகர்களின் பதில்

இலக்கிய ரசிகர்கள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனார்கள். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821இல், தாம் மீண்டும் மீண்டும் படிக்கும் புத்தகங்கள் சிலவே என்றும், பழைய நூலைத் திறந்தால் அதை முதன்முதல் படித்த நாளும் இடமும் உணர்ச்சிகளும் கூடவே எழுந்து வருகின்றன என்றும் எழுதினார். நாவலாசிரியர் நபக்கோவ் தம் விரிவுரைகளில், நூலைப் படிப்பது என்பதே நடவாத காரியம், மறுபடி படிப்பதே படிப்பு என்று ஒரே போடாகப் போட்டார். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1970இல் வெளியான தம் 'எஸ்/இசட்' நூலில், படித்ததும் கதையைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கு என்னும் வியாபார வழக்கத்துக்கு மறுவாசிப்பு விரோதமானது என்றும், சமூகம் அதைக் குழந்தைகள், முதியோர், பேராசிரியர்கள் ஆகிய மூவரிடத்தில்தான் சகித்துக்கொள்கிறது என்றும் சற்றே குறும்பாகச் சொல்கிறார்.

இவர்களுள் நம் பிரச்சினைக்கு மிக அணுக்கமாக வருபவர் சி. எஸ். லூயிஸ். ரசனையில்லாத வாசகன் எந்த நூலையும் இரண்டாம் முறை தொடமாட்டான் என்று 1961இல் எழுதிய அவர், அதற்கு முன்பே வேறொரு கட்டுரையில், நாம் மறுவாசிப்பில் தேடுவது வியப்பைக் காட்டிலும் வியப்புக்குரிய தன்மையையே என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். வளைவுக்கு அப்பால் பள்ளத்தாக்கு இருக்கிறது என்று தெரிந்து நடப்பவனுக்கும் அந்த வளைவு வளைவுதானே? பதற்றம் அடங்கிய பின்னரே கதையின் அழகு கண்ணுக்குத் தென்படும் என்பது அவர் துணிபு.

இந்தக் கட்சியில் ஒரு குறை இருக்கிறது. ஹாஸ்லிட்டை ஒதுக்கிவிட்டால், மற்றவர்கள் மறுவாசிப்பை ஒரு விழிப்பு நிலையாக, உழைப்பாக, நுண்ணிய கவனமாகக் காண்கிறார்கள். ஆறுதலுக்காகப் படிப்பவரோ அரைக் கண் மூடியபடி, பிடித்த இடத்தில் புகுந்து, பிடிக்காத அதிகாரத்தைத் தாண்டி, தூக்கம் வந்த இடத்தில் புத்தகத்தை மார்பின்மேல் கவிழ்த்து வைத்து உறங்கிப்போகிறவர். அவரை நபக்கோவின் வகுப்பில் சேர்த்தால் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பரிசோதனைச் சாலையின் சாட்சியம்

அண்மைக் காலத்தில் இவ்விஷயம் சோதனைக்கு உட்படுத்தப்பட்டிருக்கிறது. கலிபோர்னியாவில் ஜோனதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டு ஆகிய இருவர் 12 சிறுகதைகளைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் கதையைக் கூடுதலாகவே ரசித்ததாகக் கண்டார்கள். 2015இல் பெஞ்சமின் ஜான்சன், ஜூடித் ரோசன்பாம் ஆகியோரின் ஆய்வு ஏறக்குறைய எதிரான முடிவுக்கு வந்தது. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எட் ஓ'பிரையன் 2019இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒரே அனுபவத்துக்கு மறுபடி செல்வது எவ்வளவு சலிப்பாக இருக்கும் என்பதை மக்கள் மிகைப்படுத்தி மதிப்பிடுகிறார்கள் என்று காட்டுகின்றன. போய்ப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. ஆறுதலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது ஜே டெரிக் 2013இல் வெளியிட்டது: மனக்கட்டுப்பாட்டைச் செலவழித்துக் களைத்தவர்கள் பரிச்சயமான கற்பனை உலகங்களையே நாடுகிறார்கள் என்றும், அவ்வாறு நாடியபின் அவர்கள் ஓரளவு தெம்பு பெறுகிறார்கள் என்றும் அவ்வாய்வு கூறுகிறது. அறிமுகமான மனிதர்கள் நடுவே இருந்தும், அவர்களுக்காக எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை என்பதே அதற்கு அவர் காட்டும் காரணம்.

இந்தச் சாட்சியத்தை ஜாக்கிரதையோடு ஏற்றல் வேண்டும். முடிவைச் சொல்லிவிட்டு ஒரு சிறுகதையை முதன்முறை படிக்கச் செய்வதும், ஒரு நாவலை ஏழாம் முறை எடுப்பதும் ஒரே காரியமாகா.

தப்பித்தல் என்ற குற்றச்சாட்டு

இலகுவான கதைகளை மீண்டும் மீண்டும் படிப்பது ஒருவகை லாகிரி என்ற வாதம் கியூ. டி. லீவிஸ் 1932இல் எழுதிய 'புனைகதையும் வாசக உலகமும்' முதல் தொடர்ந்து வருகிறது. இதற்கு இரண்டு மறுமொழிகள் போதும். டோல்கீன் 1939இல் ஆற்றிய தேவதைக் கதைகள் பற்றிய சொற்பொழிவில், சிறைக்கைதி தப்புவதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாக்கிப் பழிப்பது தவறு என்றார். ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வில் கண்ட அமெரிக்கப் பெண்களோ, காதல் நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்து, சுபமாக முடிகிறது என்று உறுதி செய்துகொண்டே வாங்கினார்கள். மனம் தளர்ந்த வேளைகளில் படித்ததையே எடுத்துப் படித்தார்கள். வீட்டில் எல்லோரையும் கவனிக்கும் தங்களைக் கவனிக்க அந்தப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது என்பது அவர்கள் கூற்றின் சாரம். லாகிரி என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கு விளங்காமலே போய்விடும்.

காட்டேரி சிரிப்புக்கு வந்த வழி

இதுவரை கண்ட விடைகளில் எதுவும், ஆறுதலுக்கு ஏன் காட்டேரி வரவேண்டும் என்பதைத் தொடவில்லை. பயங்கரத்துக்கு வேண்டிய இரண்டு அம்சங்களைத் தத்துவ அறிஞர் நோயல் கேரல் 1990இல் வகுத்தார்: பிராணி அசுத்தமானதாக, எந்த இனத்திலும் அடங்காததாக இருக்க வேண்டும், ஆபத்தானதாகவும் இருக்க வேண்டும். ஆபத்தை எடுத்துவிட்டு அசுத்தத்தை மட்டும் நிறுத்தினால் அது கோமாளியாகிவிடும் என்று பின்னர் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கினார். 1931இல் திரையில் டிராகுலாவாக வந்து ஜனங்களை நடுங்கச் செய்த பேலா லுகோசியே 1948இல் ஒரு கேலிப்படத்தில் அதே வேஷத்தில் வந்தார். மேலங்கியும் அதே; மாறினது பக்கத்தில் நிற்கும் ஆட்கள்தாம்.

நமக்கு இது புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், பேய்கள் போர்க்களத்தில் நிணமும் குருதியும் கொண்டு கூழ் அடுவதற்கு முன்னால், யானைக் கொம்பால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, ஒழுங்காகக் குளிக்கின்றன. பிறகு பந்தி நடக்கிறது. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பங்கு கவனிக்கப்படுகிறது. அங்கே கோரம் குறையவில்லை. கோரத்தைச் சமையற்கட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததனால் சிரிப்பு பிறக்கிறது. பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு 'டிராகுலா'விலும் இதன் வித்து உண்டு. கோட்டையில் விருந்தாளியாய்த் தங்கிய ஹார்க்கர், ஓசைப்படாமல் தன் அறைக்குத் திரும்பிப் பார்க்கையில், பிரபு தாமே படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார். முதல்முறை படிப்பவருக்கு, கோட்டையில் வேறு மனிதரே இல்லை என்று அறியும் அந்தக் கணம் குலை நடுக்கம். மறுமுறை படிப்பவருக்கோ, நூற்றாண்டுக் கணக்காக வாழ்ந்த ஒரு பிரபு விருந்தாளிக்காகத் துப்பட்டியின் சுருக்கத்தை நீவுகிறார்.

மூரின் நாவல் அந்தப் படுக்கை விரித்தலை முழுக் கதையாக வளர்த்தது என்று சொல்லலாம். ஜோடி என்ற இளம்பெண் ஒருநாள் இரவு வேலை முடிந்து வீடு திரும்புகையில் தாக்கப்பட்டு, தெருக் குப்பைத் தொட்டியின் கீழே கண் விழிக்கிறாள். நிழலுக்கு வெளியே நீண்டிருந்த ஒரு கை வெயிலில் கருகியிருக்கிறது. சட்டைக்குள் கட்டுக் கட்டாக நோட்டு. இதன்பின் அவளுக்கு வரும் தொல்லைகள் லௌகிகமானவை. பகல் நேரத்தில் திறந்திருக்கும் அலுவலகங்களில் காரியம் பார்க்க யாரை அனுப்புவது? வீடு வாடகைக்கு எடுப்பது எப்படி? விடியும் நிமிஷத்தில் பிணம்போல் விழுந்துவிடுகிறவள் எந்த இடத்தை நம்பிப் படுப்பது? இதற்கென்று அவள் பிடித்துக்கொள்ளும் ஆள், எழுத்தாளனாகும் கனவோடு இந்தியானா மாநிலத்திலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் டாமி. ஒரு பேரங்காடியில் இரவு முறையில் சரக்கு அடுக்குகிறான். கடை மூடியபின் அவனும் சகாக்களும் நடைபாதையில் சோப்புப் புட்டிகளை நிறுத்தி, உறைந்த வான்கோழியை உருட்டி அடித்து வீழ்த்துகிறார்கள். காதலி காட்டேரி என்று தெரிந்ததும், பரம்பரை நம்பிக்கைகளில் எது மெய், எது பொய் என்று அவன் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறான். தெருவில் 'சான்பிரான்சிஸ்கோவின் சக்கரவர்த்தி' என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, பம்மர், லாசரஸ் என்ற இரு நாய்களுடன் ஒரு முதியவர் நகரைக் காவல் காக்கிறார். இது முழுக் கற்பனையன்று: 1859இல் ஜோஷுவா நார்ட்டன் என்பவர் உண்மையாகவே அந்நகரில் தம்மைச் சக்கரவர்த்தியாகப் பிரகடனம் செய்துகொண்டார், 1880இல் இறக்கும்வரை நகரத்தார் அவரைச் சீராட்டினார்கள். பம்மரும் லாசரஸும் 1860களில் அத்தெருக்களில் திரிந்த நாய்களே.

முதல் வாசிப்பில் இந்நாவலை நகர்த்துவது கிழக் காட்டேரி விளைக்கும் கொலைகளும் இரு போலீஸ்காரர்களின் தேடலும். மறுவாசிப்பில் அவை தெரிந்த கணக்காகிப் பின்னுக்குப் போய்விட, மளிகைக் கடையும் வாடகை அறையும் அந்தச் சக்கரவர்த்தியின் ரோந்தும் முன்னே வந்து அமர்கின்றன. கதையின் பாரம் இடம் மாறுகிறது. ஆறுதல் நாவல் என்று பலரும் கருதும் பிற ஹாஸ்யக் காட்டேரிக் கதைகளிலும் இவ்வமைப்பே காணப்படுவது தற்செயலாகத் தோன்றவில்லை: சார்லெய்ன் ஹாரிஸ் 2001இல் தொடங்கிய வரிசையில் நாயகி லூசியானாச் சிற்றூரில் ஒரு மதுச்சாலைப் பணிப்பெண், மேரிஜானிஸ் டேவிட்சனின் 2004ஆம் ஆண்டு நாவலில் காட்டேரிகளின் அரசியாக நேர்பவள், வேலை போன, காலணிப் பித்துப் பிடித்த ஒரு காரியதரிசி. பிரபுக்களின் இடத்தில் மாதச் சம்பளக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய காட்டேரியைச் செய்துகொள்கிறது என்று நீனா ஆவர்பாக் 1995இல், மூரின் நாவல் வந்த அதே ஆண்டில், எழுதியதை இதனோடு சேர்த்து வாசிக்கலாம். நேரக்கூடியதில் மிகக் கொடியது, அதாவது மரணமே, நேர்ந்து முடிந்த பின்னும் வாடகையும் துணி துவைப்பதும் சண்டையும் சமாதானமும் தொடர்ந்து நடக்கும் என்பதை இந்நாவல்கள் உபதேசமாகச் சொல்லாமல் காரியமாக நடத்திக் காட்டுகின்றன. சோர்ந்தவருக்கு வேண்டியது ஏறக்குறைய அதுதான் என்று தோன்றுகிறது.

தீராதவை

இந்த விடையும் எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகக் கொள்ளலாகாது. ஆறுதல் நூலில் இருக்கிறதா, அல்லது ஹாஸ்லிட் கருதியபடி அதை முதலில் படித்த நாளின் ஞாபகத்தில் இருக்கிறதா என்று பிரித்தறிய வழி எளிதில் அகப்படவில்லை. இருபது வயதில் படித்தவர் ஐம்பதில் படிக்கும்போது, அன்று சிரித்த சில இடங்கள், சிறப்பாகப் பெண்களையும் அயல்நாட்டாரையும் பற்றிய கேலிகள், உறுத்தவும் கூடும். மூர் தம் நாயகனோடு ஓரறையில் வாழவைக்கும் ஐந்து சீனர்களையும் வோங் என்ற ஒரே பெயரால் அழைப்பது அத்தகையது. ஆறுதல் நூலுக்கும் முதுமை உண்டு. பிராய்டின் ஆட்சேபணையும் முழுதும் விழுந்துவிடவில்லை: வான்கோழி உருளும் காட்சி ஐந்தாம் முறையும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறதா, அல்லது சிரிப்பு அடங்கிப் புன்னகை மட்டும் தங்குகிறதா, அந்தப் புன்னகைதான் ஆறுதலா என்பதை, ஒரே அமர்வில் முடியும் பரிசோதனைகளைக் கொண்டு சொல்லிவிட முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் மறுபடி படிப்பவரே. ஆகவே, இத்தகைய நூல் ஒன்றை வைத்திருப்பவர்கள், அடுத்த முறை எடுக்கும்போது சிரித்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியையும் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.